மூன்றாம் பூட்டு

வீட்டு வைஃபைக்குப் பூட்டுப் போடுவது புட்டு அவிப்பதைவிடச் சுலபமான வேலை. புட்டுக்கு மாவின் பதம் பார்க்க வேண்டும், கை பழக வேண்டும், கொஞ்சம் தண்ணீர் கூடினாலும் களியாகிவிடும். வைஃபைக்கு வாசிக்கத் தெரிந்தால் போதும்.

இதை முதலிலேயே எழுதக் காரணம் இருக்கிறது, பிள்ளை நிரூபா. நேற்று நீங்கள் பொலிஸ் உடுப்போடு என் குசினிக் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தபடி விசாரித்தீர்கள். நான் வாய் திறக்கும் முன்பே என் மகன் மிதுனன் எனக்காகப் பதில் சொன்னான்.

"அம்மாவுக்கு வைஃபை எண்டால் என்னெண்டே தெரியாது, ஒஃபிசர். அது டிவிக்குள்ள இருந்து வாறதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா."

நீங்கள் சிரித்தீர்கள். பிறகு என் கையைத் தட்டி, "றவுட்டர் தானா அப்டேட் ஆகியிருக்கும் அன்ரி, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நல்ல மனதோடு சொன்னீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டு பேச்சையும் என்னால் விழுங்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலத்திலும் எனக்கு எழுதத் தெரியும். அதில் எழுதினால், வேறு யாரோ எழுதிக் கொடுத்தது என்று மிதுனன் சொல்வான். தமிழில் என் கையெழுத்து அவனுக்குத் தெரியும். ஊரில் நான் கணித ஆசிரியை. விடை சரியாக இருந்தாலும் படிமுறை காட்டாத பிள்ளைக்கு நான் புள்ளி போட்டதில்லை. எனக்கும் அதே சட்டம்தான்.

உங்கள் தாளில் இருப்பதை முதலில் எழுதுகிறேன். ஸ்ரீஸ்கந்தராசா, வயது எழுபத்தொன்று, றெக்ஸ்டேலில் சொந்த வீட்டில், பெப்ரவரி மாதம் ஒரு புதன்கிழமை பிற்பகலில் மாரடைப்பால் இறந்தார். கையில் கட்டியிருந்த அழைப்புப் பட்டனை ஒன்று ஐம்பத்திரண்டுக்கும் இரண்டு பதினொன்றுக்கும் இடையில் இருபத்து மூன்று தடவை அமத்தியிருக்கிறார். குசினியில் மணி அடிக்கவில்லை. பட்டனுக்குள்ளே அப்படி ஒரு பதிவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சாமானில் எனக்குத் தெரியாத ஒரே விஷயம் அதுதான்.

மனைவி என்று போட்ட இடத்தில் என் பெயர் இல்லை. இராஜேஸ்வரி. எழுதிக்கொள்ளுங்கள்.

முப்பத்தெட்டு வருடம் அவரோடு வாழ்ந்தேன். ஒரு தடவையும் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் சனத்தில் அப்படித்தானே என்று நீங்கள் நினைக்கக்கூடும். நீங்கள் இங்கே பிறந்த பிள்ளை, உங்களில் பிழையில்லை. பெண்சாதிதான் புருசன் பெயரைச் சொல்லமாட்டாள். ஆண்கள் தாராளமாகச் சொல்வார்கள். என் அத்தான் என் அக்காவை "நகுலா, நகுலா" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கூப்பிடுவார். என்னவர் கூப்பிடுவது "இஞ்சேரும்", இங்கே பாரும் என்பதுதான். வெளியாட்களிடம் "மிதுனன்ர தாய்". வெள்ளைக்காரரிடம் "மை வைஃப்".

கனடாவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரே அப்பார்ட்மெண்டில் மூன்று குடும்பம் இருந்தோம். யாராவது ஒரு மனிதர் "இஞ்சேரும்" என்றால் மூன்று பெண்களும் திரும்பிப் பார்ப்போம். சிரிப்பாக இருக்கும். கொஞ்ச நாளில் மற்ற இருவருக்கும் பெயர் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. வரும் என்று இருந்தேன், பிறகு அதையும் விட்டேன்.

அவர் என்னை அடித்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஒரு நாளும் கை நீட்டியதில்லை. குடிப்பதில்லை, கோயில் தவறுவதில்லை. வேலையிலிருந்து ஓய்வு எடுத்த பிறகு வீட்டு இன்ரநெற் பெட்டி அவர் கைக்குப் போனது. அதன் பிறகு எனக்குத் தண்டனை தருவது அவருக்கு மிகவும் லேசாகிவிட்டது. கறியில் உப்புக் கூடினால், அவர் சொன்ன சட்டையை நான் தோய்க்காமல் விட்டால், அடுத்த நாள் காலை என் போனில் இணைப்பு இருக்காது. கடவுச்சொல்லை மாற்றியிருப்பார். இரண்டு மூன்று நாள் கழித்து நான் போய்க் கேட்க வேண்டும். போனை வாங்கி, நான் பார்க்காதபடி திரும்பி நின்று, தானே அடித்துத் தருவார். என் போனில் வேறு டேட்டா கிடையாது. "வீட்டில இருக்கிற ஆளுக்கு என்னத்துக்கு உது?" என்பார்.

அத்தானோடு அவருக்குக் கோபம். அவர்களுடைய மகளின் கலியாணத்துக்கு நேரில் வந்து சொல்லவில்லையாம், போனில் சொன்னார்களாம். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் கனடாவுக்கு வெற்றிலைத் தட்டத்தோடு எப்படி வருவது என்று நான் கேட்டேன். அதற்கு நான்கு நாள் இணைப்பு இல்லாமல் இருந்தேன். ஒன்பது வருடம் அந்தக் கோபம் போனது. அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் களவாகக் கதைத்துக்கொண்டிருந்தேன். என்னை "ராசேஸ்" என்று கூப்பிட உலகத்தில் மிஞ்சியிருந்தவள் அவள் ஒருத்திதான். மகனுக்கு நான் அம்மா, கோயிலில் அன்ரி, வங்கியில் மிஸிஸ் ஸ்ரீஸ்கந்தராசா. ஒருநாள் நாங்கள் கதைப்பதை அவர் கண்டுவிட்டார். பூட்டை மாற்றினார். அந்தக் கிழமையிலேயே அக்கா செத்துப் போனாள்.

இப்போது எங்கள் செத்த வீடுகள் எல்லாம் நேரலையில்தான் நடக்கின்றன, உங்களுக்கும் தெரிந்திருக்கும். பிரான்சில் ஒருவர், லண்டனில் ஒருவர், இங்கே ஒருவர் என்று போனுக்கு முன்னால் இருந்து அழுவோம். அங்கே பின்னேரம் மூன்று மணி, இங்கே விடிய ஐந்தரை. நான் அவரை எழுப்பிக் கேட்டேன். "அக்காவை எடுக்கப் போகினம். ஒருக்கா அடிச்சுத் தாங்கோ." அவர் கண் திறக்காமலே சொன்னார்: "மனுசரைப் படுக்க விடும்."

சப்பாத்தை மாட்டிக்கொண்டு பிளாசாவுக்கு நடந்தேன். அங்கே கோப்பிக் கடையில் பூட்டில்லாத இணைப்பு இருந்தது, யாரும் போகலாம். அது விக்கி விக்கி வேலை செய்தது. படம் தெளிந்தபோது அக்காவைக் கொண்டு போய்விட்டார்கள். எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, வீட்டு வாசல் படலையோடு நின்று திரும்பிவிடுவார்கள். அவர்கள் திரும்பி வருவதைப் பார்த்தேன். பிறகு ஒரு ஆள் பந்தலுக்குள் பிளாஸ்ரிக் கதிரைகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கினார். அவர் அடுக்கி முடியும்வரை பார்த்தேன். கோப்பி ஆறிப்போயிருந்தது.

அந்தக் கிழமைதான் நூலகத்தில் அந்த அறிவித்தலைக் கண்டேன். முதியோருக்கு, வீட்டு இணையத்தைப் பாதுகாப்பது எப்படி, ஆறு வியாழக்கிழமைகள், இலவசம். அவரிடம் உடற்பயிற்சி வகுப்பு என்று சொன்னேன். எட்டுப் பேர் வந்தார்கள், நான் ஒருத்திதான் குறிப்பெழுதக் கொப்பி கொண்டுபோனேன். படிப்பித்தவள் ஜெசிகா, மன்னார்ப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பெண். நல்ல பிள்ளை. அவளை இதற்குள் இழுக்க வேண்டாம். கத்தி செய்தவன்மேல் வழக்குப் போடுவதில்லை.

அவள் சொன்னது எல்லாம் என் கொப்பியில் திகதியோடு இருக்கிறது. போனில் இருந்து பெட்டிக்குப் போகும் சொல் காற்றில்தான் போகிறது. யாரும் எட்டிப் பிடிக்கலாம். அதனால் அதைக் குலைத்து அனுப்ப வேண்டும். சாவி வைத்திருப்பவனிடம் மட்டும் அது திரும்பச் சொல்லாகும். அதற்கு அவள் என்கிரிப்ஷன் என்றாள். பூட்டே போடாத இணைப்பு ஒன்று, நான் கோப்பிக் கடையில் கண்டது. பழைய காலத்துப் பூட்டு ஒன்று, சின்னப் பிள்ளையும் உடைக்கும். அதற்குப் பிறகு வந்தவற்றில் டபிள்யூபிஏ2 என்பது இப்போது பெரும்பாலான வீடுகளில் இருப்பது. டபிள்யூபிஏ3 புதியது, எல்லாவற்றிலும் உறுதியானது. இந்த இரண்டையும் நான் கொப்பியில் இரண்டாம் பூட்டு, மூன்றாம் பூட்டு என்று எழுதினேன். முப்பது வருடத்துக்குப் பிறகு மூளைக்குச் சாப்பாடு போட்டது போல இருந்தது.

நாலாவது வியாழன் நான் கையை உயர்த்திக் கேட்டேன், மூன்றாம் பூட்டு அவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லாரும் அதையே போடுவதில்லை என்று.

"குட் குவெஸ்ச்சன், அன்ரி. மூண்டாவதை மட்டும் போட்டீங்கள் எண்டால் பழைய சாமானுகள் எல்லாம் வெளியில நிண்டிடும். அதுகளுக்கு அந்தப் பாஷை விளங்காது. சோ, ரெண்டும் கலந்து விடுங்கோ. மிக்ஸ்ட் எண்டு ஒண்டு இருக்கும்."

பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. "மூன்று மட்டும் என்றால் பழையவை வெளியே நிற்கும்." அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

பெட்டியின் அமைப்புகளுக்குள் போக இன்னொரு கடவுச்சொல் உண்டு என்றும், அது பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் என்றும் அவள்தான் சொன்னாள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். இருந்தது. அவர் அதை மாற்றவேயில்லை. இத்தனை வருடமும் முன்வாசலுக்கு நாளொரு பூட்டுப் போட்டுக்கொண்டு, பின்வாசலைத் திறந்து விட்டிருந்தார். உள்ளே போய் அவர் வைத்திருந்த சொல்லைப் பார்த்தேன். மிதுனனின் பெயரும் அவன் பிறந்த ஆண்டும். அடுத்த மாதம் மாற்றினார், அது அவருடைய பள்ளிக்கூடம். அதற்கு அடுத்தது கார் இலக்கம். ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்ப்பேன். என் பெயர் வருகிறதா என்றுதான் பார்த்தேன், மறைப்பானேன். அவருடைய தகப்பன் பெயர் வந்தது, கோயில் பெயர் வந்தது, ஒரு தடவை அத்தானோடு தகராறு வந்த திகதிகூட வந்தது.

ஆனாலும் போனை நீட்டிக் கேட்பதை நான் நிறுத்தவில்லை. கேட்டால்தான் அவருக்குச் சோறு செமிக்கும்.

அடுத்த வசந்தத்தில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. இடது கை, இடது கால் போய்விட்டன. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. டொக்டரே அதை அதிர்ஷ்டம் என்றார். படி ஏற முடியாததால் கீழ்த்தட்டு அறையில் கட்டில் போட்டோம். குசினியிலிருந்து பதின்மூன்று படி. இன்ரநெற் கொம்பனி புதுப் பெட்டி அனுப்பியது. அஜக்ஸில் குடியிருக்கும் மிதுனன் வந்து அதைப் பொருத்திவிட்டுப் போனான், இரண்டு பூட்டும் கலந்த முறையில். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்ததை இவனும் மாற்றவில்லை.

அவனே அந்த மணியையும் கொண்டுவந்தான். அவனுடைய சிநேகிதன் கிளிபோட்டின் தகப்பன் பாவித்தது. தகப்பன் காலமான பிறகு சும்மா கிடக்கிறது என்று கொடுத்தார்களாம். கையில் கட்டும் ஒரு பட்டன், குசினிச் சுவரில் செருகும் ஒரு வெள்ளைப் பெட்டி. பட்டனை அமத்தினால் செய்தி வைஃபையில் போகும், குசினியில் மணி அடிக்கும், மிதுனனின் போனும் அடிக்கும். கூடவே ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. மிதுனன் அதை மேசையில் போட்டுவிட்டுப் போனான். நான் வாசித்தேன். ஆறாம் பக்கத்தில், இந்தச் சாதனம் டபிள்யூபிஏ2 வரை மட்டுமே வேலை செய்யும் என்று இருந்தது. அந்தப் பக்கம் என் மனதில் அப்படியே கிடந்தது. இரண்டு வருடம்.

ஒரு நாளைக்கு நாற்பது தடவை மணி அடிக்கும். தண்ணீர், தலையணை, யன்னல் சீலை, டிவி, திரும்பவும் யன்னல் சீலை. ஒரு கிழமையில் மிதுனன் தன் போனில் அந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டான். "மீற்றிங்கில இருக்கேக்க அடிக்குதம்மா. நீங்கள்தானே நிக்கிறீங்கள்" என்றான். நான்தான் நின்றேன். நான் இறங்கிப் போனால் அவர் வாய் திறக்கமாட்டார், நாடியை நீட்டிக் காட்டுவார். கலியாணம் செய்த நாள் முதல் "இஞ்சேரும்" என்று ஒரு சொல்லாவது இருந்தது. பட்டன் வந்தபின் அதுவும் போய்விட்டது. கல்லானாலும் கணவன் என்பார்கள். கல் மணி அடிக்காது.

இனி அந்தக் கிழமை.

திங்கட்கிழமை வீட்டுக்கு வரும் தாதி மாக்கஸ் வந்தார். மாதம் ஒருமுறை ஞாபகச் சோதனை வைப்பார். இது என்ன மாதம், எந்த நகரம், மகன் பெயர் என்ன. எல்லாவற்றுக்கும் என்னவர் டக்கென்று பதில் சொன்னார். இந்த முறை புதிதாக, மனைவியின் பெயர் என்ன என்று கேட்டார் மாக்கஸ். என்னவர் என்னைப் பார்த்தார், சிரித்தார். "அவ உதில தானே நிக்கிறா. அவவைக் கேளும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மாக்கஸும் சிரித்துவிட்டு என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார். முழுப் புள்ளியும் போட்டார். நான் என்றால் போட்டிருக்கமாட்டேன்.

மத்தியானம் சோற்றோடு போய்க் கட்டிலடியில் நின்று கேட்டேன்.

"என்ர பேரென்ன, சொல்லுங்கோ பாப்பம்."

"விசர்க் கதை கதையாமல் சோத்தைப் போடும்."

அப்போதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. இவர் சொல்லாமல் இருக்கிறாரா, அல்லது இவருக்குத் தெரியவே தெரியாதா? மனதில் ஒருநாளும் பதிந்திருக்கவில்லையா? முப்பத்தெட்டு வருடம் நான் யாரோடு இருந்தேன் என்பது அந்த ஒரு விடையில் இருந்தது. அது எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்று இருந்தது. சும்மா கேட்டால் சொல்லமாட்டார். சொல்லவேண்டிய தேவை அவருக்கு வரவேண்டும். சோதனை வைப்பது என் தொழில், பிள்ளை.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை பார்த்தேன். அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியபோது போனில் பெட்டியின் அமைப்புகளுக்குள் போனேன். கலந்த முறை என்றிருந்ததை மூன்றாம் பூட்டு மட்டும் என்று மாற்றினேன். ஒரு நிமிடம் எல்லாம் விழுந்து எழும்பியது. என் போன் வந்தது, அவருடைய டிவி வந்தது. வெள்ளைப் பெட்டியின் நீல வெளிச்சம் மட்டும் செம்மஞ்சளாகி, அப்படியே நின்றது. கீழே போய், தூங்கும் மனிதரின் கையைப் பிடித்துப் பட்டனை நானே அமத்தினேன். மேலே சத்தமில்லை. பிறகு எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்தேன். மொத்தம் ஐந்து நிமிடம். ஜெசிகா சொன்னது சரி.

புதன் காலை பதினொன்று ஐம்பதுக்குத் திரும்ப மாற்றினேன். தானாக அப்டேட் ஆகவில்லை, பிள்ளை. பெட்டியின் பதிவைத் திரும்பப் பாருங்கள், உள்ளே போன போன் என்னுடையது. செவ்வாய்க்கிழமைப் பதிவும் இருக்கும், நீங்கள் அவ்வளவு தூரம் பின்னுக்குப் போய்ப் பார்க்கவில்லை. வெள்ளைப் பெட்டியின் செம்மஞ்சள் வெளிச்சம் கண்ணுக்குக் குத்தியதால் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் செருகினேன். மிதுனனின் போனுக்கு, சாதனம் இணைப்பில் இல்லை என்று ஒரு செய்தி போயிருக்கும். அதை அவன் பார்க்கமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

பன்னிரண்டு மணிக்குச் சோறும் முருங்கைக்காய்க் கறியும் கொடுத்தேன். முழுவதும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். நான் மேலே வந்து அடுத்த நாளைக்கு உழுந்து ஊறப்போட்டேன், பாத்திரம் கழுவினேன். தமிழ் வானொலி போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூன்றரைக்கு வழக்கம்போல் தேத்தண்ணீரோடு இறங்கினேன். தலை தலையணையை விட்டு விலகியிருந்தது. வலது கை மார்பில் கிடந்தது. தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அமைப்பை நான் பழையபடி மாற்றி வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நேரம் இருந்தது, கையில் போனும் இருந்தது. மறைக்க நினைப்பவள் அதைச் செய்திருப்பாள்.

மாரடைப்பு வரும் என்று எனக்குத் தெரியாது. அது சத்தியம். யன்னல் சீலைக்காகக் கூப்பிடுவார் என்றுதான் இருந்தேன். நேரத்தோடு அம்புலன்ஸ் வந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னதையும் கேட்டேன். வருத்தப்படுகிறீர்களா என்று அடுத்த முறை கேட்பீர்கள். இல்லை. நான் செய்தது இவ்வளவுதான்: ஒரு மணியை நிறுத்தினேன். அவருடைய வாயை நான் நிறுத்தவில்லை. வாய் திறந்து ஒரு தடவை கூப்பிட்டிருந்தால், "இஞ்சேரும்" என்றாலும் போதும், பதின்மூன்று படி இறங்க எனக்கு எவ்வளவு நேரம்? இரண்டு வருடம் நாளுக்கு நாற்பது தடவை இறங்கிய கால்கள் இவை. இதை நீதிமன்றத்தில் எந்த மொழியில் கேட்டாலும் இப்படியே சொல்வேன்.

மிதுனன் சத்தத்தை நிறுத்தி வைத்ததால்தான் அப்பா போய்விட்டார் என்று அழுதுகொண்டிருக்கிறான். இந்தக் கடிதத்தை அவனுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவன்மேல் ஒரு பிழையும் இல்லை. அவனுடைய அம்மாவுக்கு எல்லாம் தெரியும். வைஃபை டிவிக்குள்ளிருந்து வருவதில்லை.

எழுதியதைத் திரும்ப வாசித்தேன். ஒரு படிமுறை விடுபட்டிருக்கிறது. பிள்ளைகள் இப்படி விட்டால் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன்.

வானொலி போய்க்கொண்டிருந்தது என்று எழுதினேன். இரண்டு மணிக்குக் கொஞ்சம் முந்தும்வரைதான் போனது. கீழே அந்தப் பட்டனை அமத்தும்போது கிளிக் என்று சின்னச் சத்தம் வரும். வீடு அமைதியாக இருந்தால் மேலே கேட்கும். கேட்டது மாதிரி இருந்தது, அதனால் வானொலியை நிறுத்தினேன். உழுந்துத் தண்ணீருக்குள் கை இருந்தபடியே எண்ணினேன். நான் எண்ணத் தொடங்கியதிலிருந்து பத்தொன்பது. உங்கள் இருபத்து மூன்று சரியாகத்தான் இருக்க வேண்டும். பிறகு கிளிக் நின்றுவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தேன்.

அப்போது கூப்பிட்டார். "இஞ்சேரும்" என்று இல்லை.

"இராசேஸ்வரி" என்றார். முழுப் பெயர், ஓர் எழுத்துக் குறையவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லா நாளும் தெரிந்திருந்தது. கேட்க நன்றாக இருந்தது.

மேல்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று நின்றேன்.